திருட்டுப் பிரதியைத் தடுக்க இணைய நிறுவனத்திடம் எதைக் கேட்கலாம்? சிறு படைப்பாளிகளுக்கான முழு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை காலை படம் வெளியாகிறது. மதியத்துக்குள் அதன் கேம் பிரிண்ட் டெலிகிராமில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. அப்போது தயாரிப்பாளர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கிறவங்க நினைச்சா இதை நிறுத்த முடியாதா?" என்பதுதான்.

ஓரளவு முடியும். ஆனால் எதை நிறுத்த முடியும், எதை முடியாது என்பதைத் தீர்மானிப்பதில் சட்டத்துக்கு இருக்கும் பங்கு பாதிதான். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல், ஆக்ட் போன்ற நிறுவனங்களின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதுதான் மீதிப் பாதி. இதைப் புரிந்துகொள்ளாமல் நேராக வழக்குப் போட்டால் பணமும் போகும், வசூல் வரவேண்டிய முதல் வாரமும் போகும்.

பெரிய நிறுவனங்களிடம் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டி மற்றவர்களுக்கு: சிறு பட்ஜெட்டில் படம் எடுத்தவர், தன் நாவலின் பிடிஎஃப் ஏதோ ஒரு குழுவில் இலவசமாகப் பகிரப்படுவதைப் பார்த்த எழுத்தாளர், வகுப்புக் காணொளிகளை விற்றுப் பிழைக்கும் ஆசிரியர். இதில் பேசுவது இந்தியச் சட்டத்தை மட்டும்தான்.

இணைய நிறுவனத்துக்கு என்ன தெரியும்?

உங்கள் படைப்பு திருடப்படும்போது நடுவில் மூன்று தரப்புகள் இருக்கின்றன. கோப்பை வைத்திருக்கும் சர்வர் நிறுவனம் ஒன்று. அந்தக் கோப்புக்குச் சுட்டி கொடுக்கும் தளம் அல்லது செயலி இன்னொன்று. பார்ப்பவரின் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும் ஐஎஸ்பி மூன்றாவது. கோப்பை அழிக்கும் அதிகாரம் முதல் தரப்புக்கும், சுட்டியை அழிக்கும் அதிகாரம் இரண்டாவது தரப்புக்கும்தான் உண்டு. ஐஎஸ்பியால் எதையும் அழிக்க முடியாது. தன் வாடிக்கையாளர் அங்கே போகும் வழியை மறிக்க மட்டுமே முடியும்.

அந்த மறிப்பும் சில வகைகளில்தான் நடக்கிறது. தளத்தின் பெயரை (டொமைன்) அதன் எண் முகவரியாக (ஐபி) மாற்றிச் சொல்லும் வசதி டிஎன்எஸ். அங்கே பெயரைக் கேட்டால் தவறான விடை சொல்வது டிஎன்எஸ் தடை. செலவு குறைந்தது, ஆனால் செல்போன் அமைப்பில் டிஎன்எஸ்ஸை மாற்றத் தெரிந்த எந்தக் கல்லூரி மாணவரும் அதைத் தாண்டிவிடுவார். ஐபி முகவரியை மறிப்பது அடுத்த வகை. ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருப்பது இன்று சாதாரணம் என்பதால், ஒன்றை மறித்தால் குற்றமற்ற மற்றவையும் சேர்ந்து இருண்டுபோகும். மூன்றாவது, இணைப்பு தொடங்கும் நொடியில் வெளிப்படையாகத் தெரியும் தளத்தின் பெயரைப் படித்து அந்த இணைப்பைத் துண்டிப்பது. எஸ்என்ஐ தடை என்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள். இன்று கிட்டத்தட்ட எல்லாத் தளங்களும் ஹெச்டிடிபிஎஸ் முறையில் மறைகுறியாக்கப்பட்டவை. உறைமேல் எழுதிய ஊர்ப்பெயரைத் தபால்காரர் படிக்கலாம், உள்ளிருக்கும் கடிதத்தைப் படிக்க முடியாது. அதைப்போல வாடிக்கையாளர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது ஐஎஸ்பிக்குத் தெரியும். அந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பது தெரியாது. ஆகவே "இந்த ஒரு யூஆர்எல்லை (பக்கத்தின் முழு முகவரியை) மட்டும் தடு" என்று ஐஎஸ்பியிடம் கேட்டால் அவர்களுக்கு இரண்டே வழிதான்: தளத்தை முழுசாக மறிப்பது, இல்லாவிட்டால் சும்மா இருப்பது.

2012-ல் சென்னையில் நடந்தது

ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் பிஎஸ்என்எல் உள்ளிட்ட இணைய நிறுவனங்களைப் பிரதிவாதிகளாக்கிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அடையாளம் தெரியாத திருடர்கள் 'அசோக் குமார்' என்ற பெயரில் சேர்க்கப்பட்டார்கள். அமெரிக்காவில் 'ஜான் டோ' என்பதற்கு நம் நீதிமன்றங்களில் வழங்கும் பெயர் இது. இடைக்காலத் தடை கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மே மாதத்தில் சில நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பைரேட் பே ஆகியவற்றையே முழுசாக மூடின. விமியோவில் தங்கள் குறும்படங்களை வைத்திருந்த இளம் இயக்குநர்களின் படைப்புகளும் அதோடு போயின. திரைத்துறையைக் காக்க வந்த ஆணை, திரைத்துறைக்கு வரத் துடித்தவர்களையே அடித்தது. இதை நான் இன்றும் பெரிய அநியாயமாகவே பார்க்கிறேன்.

ஜூன் 22 அன்று நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவுபடுத்தியது: தடை, படம் இருக்கும் குறிப்பிட்ட யூஆர்எல்லுக்குத்தான், முழு இணையதளத்துக்கு அல்ல. நியாயமான தெளிவு. ஆனால் அன்று பல தளங்கள் மறைகுறியாக்கம் இல்லாமல் இருந்தன, யூஆர்எல்லை ஐஎஸ்பியால் படிக்க முடிந்தது. இன்று அந்த ஆணையை அப்படியே ஐஎஸ்பியால் நிறைவேற்ற முடியாது. அதனால்தான் கீழே வரும் படிகளில் பட்டியல் பிரிக்கும் படிக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறேன்.

படி 1: உரிமை உங்களுடையது என்பதற்கான காகிதம்

பதிப்புரிமை கிடைக்கப் பதிவு கட்டாயமில்லை. படைத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் பதிவேட்டில் பெயர் இருந்தால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி அது முதல்நிலைச் சான்று. பதிவு செய்யாத எழுத்தாளருக்கு, அச்சான நூலில் ஆசிரியராகப் பெயர் இருப்பதே 55-ஆம் பிரிவின்படி துணை நிற்கும்.

சிக்கல் பெரும்பாலும் உரிமை மாற்றிய ஒப்பந்தங்களில் இருக்கிறது. 19-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கால அளவு சொல்லாத ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான் செல்லும். ஓடிடி, வெளிநாட்டு உரிமை என்று பிரித்து விற்ற பிறகு, "இப்போது வழக்குப் போடும் உரிமை யாருக்கு?" என்ற கேள்விக்கு உங்கள் கையில் பதில் இருக்க வேண்டும். எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

படி 2: சான்று

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. முழு யூஆர்எல், தேதி, நேரம், கோப்பின் அளவு, அது உங்கள் படைப்புதான் என்று தெரியும் இரண்டு மூன்று காட்சிகள் அல்லது பக்கங்கள், இவை எல்லாம் வேண்டும். திருட்டுக் கோப்பில் ஒன்றை இறக்கி அதன் ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டை) குறித்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. அதில் ஹாஷ் மதிப்புக்கென்றே இடம் இருக்கிறது. ஒரு பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், இன்னொன்றை நிபுணர் நிரப்ப வேண்டும். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தச் சுட்டி அதற்குள் வேறிடம் போயிருக்கும்.

திரையரங்கில் எடுத்த கேம் பிரிண்ட் என்றால் உங்களுக்கு இன்னொரு துருப்பு உண்டு. டிஜிட்டல் திரையிடலில் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் பதிகிறது. எந்த அரங்கு, எந்த நேரத்துக் காட்சி என்பதை அதிலிருந்து எடுக்கலாம். உங்கள் படத்தைத் திரையரங்குகளுக்கு அனுப்பிய டிஜிட்டல் சினிமா நிறுவனத்திடம் அன்றே கேளுங்கள். சுட்டிகளை ஓராயிரம் அடைப்பதைவிட, கசிந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பது அடுத்த படத்துக்கும் பயன்படும்.

படி 3: பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்

இதுதான் மொத்த வேலையின் முதுகெலும்பு. கிடைத்த சுட்டிகளை ஒரே பட்டியலாக வக்கீலிடம் நீட்டாதீர்கள்.

முதல் பட்டியலில், நியாயமான வேலைக்காக இருக்கும் தளங்களில் வந்த திருட்டுச் சுட்டிகள் போகட்டும்: யூடியூப், பேஸ்புக், டெலிகிராம், கூகுள் டிரைவ், ஆர்கைவ் போன்றவை. இவற்றுக்கு ஐஎஸ்பி பக்கமே போகக் கூடாது. போனால் ஒன்றும் நடக்காது, அல்லது நடக்கக் கூடாதது நடக்கும்.

இரண்டாவது பட்டியலில், திருடுவதையே தொழிலாக வைத்திருக்கும் தளங்கள். ஐஎஸ்பி தடைக்கு உரியவை இவை மட்டும்தான். எது இந்த வகை என்பதை உங்கள் கோபம் தீர்மானிக்கக் கூடாது. 2019 ஏப்ரல் 10 அன்று யூடிவி தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் இதற்கான அளவுகோல்களைச் சொல்லியிருக்கிறது. தளத்தின் முதன்மை நோக்கமே மீறலா, நடத்துபவர் தன் அடையாளத்தை மறைக்கிறாரா, அகற்றச் சொன்ன கடிதங்களை அலட்சியம் செய்தாரா, மீறலுக்கு வழிகாட்டும் அட்டவணைகள் அங்கே இருக்கின்றனவா, வேறு நாட்டு நீதிமன்றங்கள் அதைத் தடுத்திருக்கின்றனவா, தடையைத் தாண்டும் வழிகளை அதுவே சொல்லித்தருகிறதா, அங்கே எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பவை அவற்றில் முக்கியமானவை. ஒவ்வொரு தளத்துக்கும் இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரி விடையும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வையுங்கள். பின்னால் பிரமாணப் பத்திரம் எழுதும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

படி 4: முதல் பட்டியலுக்கு நோட்டீஸ்

யூடியூப், மெட்டா, கூகுள் தேடல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பதிப்புரிமைப் படிவங்கள் உண்டு. நிரப்பி அனுப்புங்கள். கூகுள் தேடலிலிருந்து ஒரு சுட்டி போனாலே, போகிற போக்கில் தேடிப் பார்ப்பவர்களில் பலர் திரும்பிவிடுவார்கள். உண்மையான சர்வரை மறைத்து நடுவில் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் சேவையின் பின்னால் ஒளிந்திருக்கும் தளம் என்றால் அவர்களின் புகார்ப் படிவத்தில் எழுதுங்கள். புகார் உண்மையான சர்வர் நிறுவனத்துக்குப் போகும், அது யார் என்ற விவரமும் உங்களுக்கு வரும்.

படிவத்துக்கு மசியாதவர்களுக்குச் சட்டத்தின் மொழியில் எழுதலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவும், 2013-ஆம் ஆண்டு விதிகளில் 75-ஆம் விதியும் இதற்கானவை. படைப்பின் விவரம், அது உங்களுடையது என்பதற்கான ஆதாரம், அங்கிருப்பது திருட்டுப் பிரதி என்பதற்கான காரணம், அது இருக்கும் சரியான இடம், ஏற்றியவர் யார் என்று தெரிந்தால் அதுவும், இவற்றோடு எழுத்தில் புகார் தர வேண்டும். கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் அந்த நிறுத்தம் 21 நாளுக்குத்தான். அதற்குள் வழக்குப் போட்டு நீதிமன்ற ஆணையைக் கொண்டுவருவேன் என்று நீங்களே அந்தப் புகாரில் உறுதி தர வேண்டும். ஆணை வராவிட்டால் அவர்கள் திரும்பத் திறந்துவிடலாம். ஆகவே வழக்குக்குத் தயாராக இல்லாதவர் இந்த விதியின் பெயரால் எழுத வேண்டாம். ஆதாரமில்லாமல் மிரட்டினால், 60-ஆம் பிரிவின்படி எதிராளி உங்கள் மேலேயே வழக்குப் போட முடியும்.

"நீதிமன்ற ஆணை இருந்தால்தான் அகற்றுவோம்" என்று சில தளங்கள் பதில் அனுப்பும். 2015-ல் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் சொன்னதை மேற்கோள் காட்டுவார்கள். அசராதீர்கள். மைஸ்பேஸ் வழக்கில் 2016 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு, பதிப்புரிமை விஷயத்தில் உரிமையாளர் தரும் குறிப்பான தகவலே போதும் என்று சொல்லியிருக்கிறது. 'குறிப்பான' என்பதுதான் முக்கியம். "உங்கள் தளத்தில் என் பாடல்கள் எங்கெங்கோ இருக்கின்றன" என்று எழுதினால் அது செல்லாது.

டெலிகிராமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் புத்தகங்களும் வகுப்புக் காணொளிகளும் அதிகம் திருடப்படுவது அங்கேதான். ஒரு சேனலை மூடினால் பத்து முளைக்கும். ஆனால் 2022 ஆகஸ்ட் 30 அன்று, ஒரு பயிற்சி ஆசிரியர் தொடுத்த வழக்கில், திருட்டுச் சேனல்களை நடத்துபவர்களின் தொலைபேசி எண், ஐபி முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றைத் தருமாறு தில்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு ஆணையிட்டது. சேனல் நடத்துபவர் இந்தியாவுக்குள் இருக்கிறார் என்று தோன்றினால் தடையை மட்டும் கேட்காதீர்கள், இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 5: சினிமாவுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி

2023-ல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்த ஆண்டு நவம்பரில் 12 பொறுப்பு அதிகாரிகளை நியமித்தது. தணிக்கை வாரிய அலுவலகங்களிலும் பத்திரிகைத் தகவல் அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் புகார் தரலாம். அவர்கள் ஆணையிட்டால் தளங்கள் 48 மணி நேரத்துக்குள் சுட்டியை அகற்ற வேண்டும். நீதிமன்றச் செலவு இல்லாத வழி, சிறு படங்களுக்கு முதல் வாரத்தில் முயன்று பார்க்க வேண்டியது. புத்தகத்துக்கும் வகுப்புக் காணொளிக்கும் இது பொருந்தாது.

படி 6: இரண்டாவது பட்டியலுக்கு நீதிமன்றம்

ஐஎஸ்பிக்கு நேரடியாகக் கடிதம் எழுதித் தளத்தை முடக்கச் சொல்வது வீண். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, வெறும் இணைப்பை மட்டும் கொடுப்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அரசே நேரடியாகத் தளத்தை முடக்கும் 69ஏ பிரிவின் காரணப் பட்டியலில் பதிப்புரிமை இல்லை. ஆக, நீதிமன்ற ஆணைதான் வழி. ஐஎஸ்பிகளைப் பிரதிவாதியாகச் சேர்க்கவே முடியாது என்றும் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன ஆர்.கே. வழக்கிலேயே நிறுவனங்கள் அப்படி வாதாடின, சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு பதிப்புரிமைக்கு விலக்கு வைத்திருப்பதுதான் காரணம்.

வழக்கை எங்கே போடுவது? பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வணிக நீதிமன்றச் சட்டம் முதலில் சமரசப் பேச்சுக்குப் போகச் சொல்லும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்கும் வழக்குக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த அவசரம் என்ன என்பதை மனுவிலேயே விளக்கி எழுதச் சொல்லுங்கள்.

வெளியாவதற்கு முன்பே போகலாம். 2018 நவம்பரில் '2.0' வெளியாவதற்கு முந்தைய நாள், லைக்கா நிறுவனம் கேட்டபடி 12,564 தளங்களை 37 இணைய நிறுவனங்கள் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அப்படியும் படம் வெளியானதும் திருட்டுப் பிரதி இணையத்துக்கு வந்துவிட்டது. பட்டியலின் நீளத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பன்னிரண்டாயிரம் பெயரை யாராலும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்திருக்க முடியாது. மக்கள் உண்மையில் போகும் ஐம்பது தளங்களைச் சரிபார்த்துக் கொடுங்கள். மும்பை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் 2016-ல் இதைத்தான் வற்புறுத்தினார். சுட்டிகளைச் சரிபார்த்துப் பிரமாணமாகச் சொல்லாமல் முழுத் தளங்களை மூடச் சொன்னதை அவர் ஏற்க மறுத்தார்.

மனுவில் மறக்காமல் கேட்க வேண்டியது, மாறும் தளங்களுக்கும் சேர்த்த ஆணை. ஒரு டொமைனை மூடினால் கடைசி எழுத்தை மாற்றி அதே தளம் மறுநாள் வந்துவிடும். யூடிவி தீர்ப்பு இதற்கு வழி செய்தது: மிரர் சைட் (அதே தளத்தின் நகல்) வந்தால் புது வழக்கு வேண்டாம், பிரமாணப் பத்திரத்தோடு இணைப் பதிவாளரிடம் போய் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்டில் யுனிவர்சல் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், இனிமேல் உருவாகப்போகும் படைப்புகளுக்கும் பொருந்தும்படி ஆணை தந்தது. இந்த விரிவாக்கம் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இன்னும் பிறக்காத படைப்புக்காக ஒருவரின் தளத்தை மூட ஆணை வாங்கும் வசதி, ஒரு நாள் தவறான கைக்குப் போகாது என்று யார் உறுதி தருவது? ஆனால் வழி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐபி முகவரித் தடையைக் கேட்கவே கேட்காதீர்கள். டொமைன் அளவிலான தடை போதும் என்று மனுவிலேயே எழுதுங்கள்.

படி 7: ஆணை கிடைத்த பிறகு

ஆணை கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆணையின் சான்றிட்ட நகலைத் தொலைத்தொடர்புத் துறைக்கும், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும், பெயர் குறிப்பிட்ட ஒவ்வொரு ஐஎஸ்பிக்கும் அனுப்புங்கள். உரிமம் பெற்ற மற்ற நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை வழியாகத்தான் அறிவிப்புப் போகும். பட்டியலை டொமைன் மட்டும் உள்ள எளிய எழுத்துக் கோப்பாகவும் இணையுங்கள். ஸ்கேன் செய்த காகிதத்திலிருந்து ஒருவர் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து மாறினால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் கடை மூடப்படும்.

பிறகு வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களில் சோதியுங்கள். ஒரே தளம் ஒன்றில் மூடியும் இன்னொன்றில் திறந்தும் இருப்பது சகஜம். திறந்திருப்பதை ஸ்கிரீன்ஷாட்டோடு அந்த நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் வைத்திருப்பவரை எந்த ஐஎஸ்பி தடையும் நிறுத்தாது. அவர்களைத் துரத்துவதில் நேரம் செலவிட வேண்டாம்.

பார்வையாளரை மிரட்டும் அறிவிப்பையும் கேட்க வேண்டாம். முடக்கப்பட்ட பக்கங்களில் "பார்ப்பதே குற்றம்" என்று வந்த வாசகத்தை 2016 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் திருத்தியது. வெறுமனே பார்ப்பது சட்டப்படி குற்றமில்லை. விநியோகிப்பதும் அனுமதியின்றிப் பொதுவில் திரையிடுவதும்தான் குற்றம்.

உங்கள் தளமே தவறாக மூடப்பட்டால்

இந்தப் பகுதி, மறுபக்கத்தில் மாட்டிக்கொள்பவர்களுக்கு. அவர்களும் பெரும்பாலும் படைப்பாளிகள்தான். தளம் மூடப்பட்டது என்று யாரும் கடிதம் அனுப்பமாட்டார்கள். வாசகர் சொல்லித்தான் தெரியும். முதலில் வெவ்வேறு நிறுவன இணைப்புகளிலும், ஒரு விபிஎன் மூலமும் திறந்து பாருங்கள். விபிஎன்னில் திறந்து, குறிப்பிட்ட இணைப்புகளில் மட்டும் திறக்காவிட்டால் அது தடையாக இருக்கலாம். திரையில் வரும் அறிவிப்பைப் படமெடுங்கள். உங்கள் தளம் இருக்கும் ஐபி முகவரியை வேறு யார் பகிர்கிறார்கள் என்று சர்வர் நிறுவனத்திடம் கேளுங்கள். பக்கத்துத் தளத்துக்கான தடை உங்கள் மேல் விழுந்திருந்தால், வேறு முகவரிக்கு மாறினாலே தீர்ந்துவிடும்.

டொமைன் பெயரே பட்டியலில் இருந்தால், எந்த வழக்கு, எந்த ஆணை என்று ஐஎஸ்பியின் குறைதீர் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொலைத்தொடர்புத் துறைக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். வழக்கு எண் தெரிந்ததும் வாதியின் வக்கீலுக்கு முதலில் எழுதுவதே நல்லது. தவறு தெளிவாக இருந்தால் பெயரை நீக்க அவர்களே மனு செய்வதுதான் விரைவான வழி. மறுத்தால், ஆணையிட்ட அதே நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவராகச் சேர்ந்து ஆணையை மாற்றக் கேட்கலாம். அதற்கு உங்கள் தளத்தில் என்ன இருக்கிறது, எப்போதிலிருந்து நடக்கிறது, நடத்துபவர் யார், வந்த புகார்களுக்கு என்ன செய்தீர்கள் என்று காட்டும் ஆவணங்கள் வேண்டும். தளத்தின் அடியில் உண்மையான தொடர்பு முகவரியும் புகார் மின்னஞ்சலும் இன்றே போட்டு வையுங்கள். அடையாளத்தை மறைக்கும் தளம் என்று உங்களை யாரும் பட்டியலில் சேர்க்க முடியாமல் இருக்க அதுவும் உதவும்.